விருந்தாளிகள் இருக்கும் வாரம்

இங்கிலாந்து
14.3.1998

அன்புள்ள அக்கா பாண்டீஸ்வரிக்கு,

உன் தம்பி கருத்தக்கண்ணன் எழுதுவது. அய்யனார் காவலில் நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவுக்கு வலது கை கொஞ்சமாவது அசைகிறதா? பேச்சு வருகிறதா?

ஒரு நல்ல செய்தி. ஓட்டல் அடுப்படி வேலையை விட்டுவிட்டேன். இப்போது ஐலீன் என்ற வயதான அம்மாவிடம் வேலை செய்கிறேன். பட்டணத்தைவிட்டு ஒதுங்கி, ஒரு பழைய கிராமத்தின் ஓரத்தில் அவருக்குக் கல்வீடு ஒன்று இருக்கிறது. அதை வார வாடகைக்கு விடுகிறார். புல் வெட்டுவது, விறகு அடுக்குவது, படுக்கை விரிப்பு மாற்றுவது எல்லாம் என் பொறுப்பு.

வருகிறவர்கள் அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்பாய். ஒன்றும் செய்வதில்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து புல்லைப் பார்க்கிறார்கள். கிராமத்தில் பழைய காலத்துத் தேவாலயம் ஒன்று இருக்கிறது, அதுவரை நடந்து போய்விட்டுத் திரும்பி வருகிறார்கள். அவ்வளவுதான். அந்த அமைதிக்காகவே வருகிறார்களாம். ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லிவைத்துவிட்டு வருகிறார்கள்.

அந்தத் தேவாலயத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் சமணர் மலை ஞாபகம்தான். இதற்கே இந்தப் பாடு என்றால், அந்தக் காலத்துத் துறவிகள் படுத்த கல்படுக்கைகள் இருக்கிற நம் மலைக்கு எத்தனை பேர் வரவேண்டும்! நம் தோட்டத்து வீட்டு வாசலில் நின்றால் மலை முழுசாகத் தெரிகிறதே அக்கா. ஐலீன் அம்மா ஒரு தடவை மதுரைக்கு வந்து அந்த மலையைப் பார்த்திருக்கிறார். வீட்டைச் சரிசெய்து கொடுத்தால் தனக்குத் தெரிந்தவர்களைக் குளிர்காலத்தில் அனுப்புவதாகச் சொல்கிறார். இது மட்டும் நடந்துவிட்டால் நான் ஊரோடு வந்துவிடுவேன். யோசித்து எழுது.

அப்பாவுக்கு என் வணக்கத்தைக் காதில் சொல்.

உன் தம்பி
கருத்தக்கண்ணன்


கீழக்குயில்குடி வழி
தோட்டத்து வீடு
9.4.1998

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நானும் அப்பாவும் இருக்கிறோம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் தலையை நனைத்துவிட்டு ஈரத்தோடு திரியாதே.

சும்மா உட்கார்ந்து புல்லைப் பார்க்கவா அத்தனை தூரம் போகிறார்கள்? நம் பெரியப்பா மகன் நல்லகாமன் அதைத்தானே பிறந்ததிலிருந்து செய்கிறான். அவனிடம் சொன்னேன். "அப்ப நானும் தொரைதேன்" என்கிறான். பேரில் துரை இருப்பது நம் அப்பா வெள்ளைத்துரைக்குத்தான் என்றேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வார்த்தை போனதே தவிர அவருக்குச் சத்தம் போகவில்லை. சோளக்கொல்லையில் கிளி விரட்ட "ஏ... ஹோய்" என்பாரே, அந்த ஒன்று மட்டும் நாக்கில் நின்றுவிட்டது. பசித்தாலும் அதுதான், நான் கண்ணில் படவில்லை என்றாலும் அதுதான், சந்தோஷமும் அதுதான். எனக்குப் பிரித்துத் தெரியும். நீ ஊரோடு வந்துவிடுவாய் என்ற வரியைப் படித்ததும் போட்டார் பார் ஒரு சத்தம். கண்மாய்க் கரையில் கொக்கு பறந்தது.

போன வாரம் இருளாயியின் மாமியார் போய்ச்சேர்ந்தாள். நான் போகிறவரை பெண்டுகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "நீ வந்து ஒப்பாரி எடுத்துக் குடுத்தாத்தேன்டி எங்களுக்கு அழுகையே வருது" என்கிறாள் சீனியம்மாள் சித்தி. இரண்டு நாளாகத் தொண்டை கட்டிக் கிடக்கிறேன். அப்பாவின் தொண்டை எனக்குத்தான் வந்திருக்கிறது, உனக்கு வரவில்லை. வாதம் வருவதற்கு முன்னால் அப்பா சொல்வாரே, "எஞ் சாவுக்கு நீ எடுக்குற எடுப்புல மலைக்கு அந்தப் பக்கம் மாடு மிரளணும்" என்று. அதை இருளாயி வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். சாவு வீட்டில் சிரிக்கிறாளே என்று யாரும் நினைக்கவில்லை.

வீட்டை என்ன செய்யவேண்டும் என்று எழுது. என் வீட்டுக்காரர் போன பிறகு இந்த வீடும் அப்பாவும்தான் எனக்கு. நீயும் வந்துவிட்டால் போதும்.

உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்
அக்கா


இங்கிலாந்து
20.6.1998

அன்பான அக்காவுக்கு,

நான் சௌக்கியம். அங்கே மழை உண்டா? அப்பா கஞ்சி குடிக்கிறாரா?

நீ அனுப்பிய வீட்டுப் படங்களை ஐலீன் அம்மாவிடம் காட்டினேன். மிகவும் பிடித்துவிட்டது. குளியலறையும் நாற்காலி மாதிரிக் கக்கூசும் அவசியம் வேண்டும். கொத்தனாரை வைத்து உடனே ஆரம்பி. மதுரையில் ஹரிஷ்குமார் என்று ஒருவர், வெளிநாட்டுக்காரர்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறவர். சௌராஷ்டிரக்காரர், தங்கமான மனுஷர். வருகிறவர்களை அவரே ஏற்றிவந்து உன்னிடம் விட்டு, கூடவே இருந்து பேச்சுக்கும் உதவுவார்.

முக்கியமானது சத்தம். இவர்களுக்குச் சத்தம் ஆகாது அக்கா. பக்கத்துக் கிராமத்தில் ஒருவர் சேவல் வளர்த்தார். விடியலில் கூவுகிறது என்று ஊரே கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்துவிட்டது. அதனால் சேவலையும் நாயையும் எங்காவது கொடுத்துவிடு. கோயில் குழாய் ரேடியோவைக் கொஞ்சம் திருப்பிக் கட்டச் சொல்.

போன மாதம் இங்கே ஒரு சாவைப் பார்த்தேன். ஆச்சரியப்பட்டுப்போனேன். கறுப்புக் காரில் பெட்டியை ஏற்றி ஊர்ந்து போகிறார்கள். பின்னால் எல்லோரும் கறுப்புச் சட்டையில் நடக்கிறார்கள். கொட்டு இல்லை, வேட்டு இல்லை. பெற்ற மகள் நடந்து போகிறாள், கண்ணைத் துடைக்கிறாளே தவிர மூச்சுக்கூட வெளியே கேட்கவில்லை. என்ன நாகரிகம்! நம் ஊரில் எழவு விழுந்தால் நாலு ஊர் தூங்க முடியாது.

இன்னொன்று, கோபிக்காதே. அப்பா போடுகிற சத்தம் உனக்குப் பழகிவிட்டது. வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள். கிணற்றடி மோட்டார் ரூமைச் சுண்ணாம்பு அடித்து, கட்டில் போட்டு, ஃபேன் மாட்டி, ஆட்கள் இருக்கிற நாட்களில் மட்டும் அப்பாவை அங்கே வைத்தால் என்ன? நான் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும்.

அப்பாவின் பாதத்துக்கு வணக்கம்.

கருத்தக்கண்ணன்


தோட்டத்து வீடு
17.8.1998

அன்புத் தம்பி கருத்தக்கண்ணனுக்கு,

நானும் அப்பாவும் சுகம். நீ இளைத்துவிட்டாய் என்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்த சீனியம்மாள் சித்தி சொன்னாள். வேளைக்குச் சாப்பிடு.

நீ சொன்னதெல்லாம் நடக்கிறது. சேவலைக் குழம்பு வைத்துவிட்டேன். நம் கருப்பு நாயை மேலூரில் என் நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அந்த நாய் போகிற வழியெல்லாம் பஸ்ஸில் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு வந்தது. திரும்பும்போது கட்டிப்போட்டுவிட்டு வந்தேன். கோயிலில் குழாய் ரேடியோவைத் திருப்பிக் கட்டச் சொன்னதற்குச் சித்தி, "ஏண்டி, இனிமே சாமியும் குசுகுசுன்னுதேன் பேசணுமா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டு வந்தேன்.

மோட்டார் ரூமுக்குச் சுண்ணாம்பு அடித்து அப்பாவைப் பழக்குவதற்காக இப்போதே அங்கே மாற்றிவிட்டேன். நல்லகாமன்தான் தூக்கிவந்தான். தூக்கும்போது கதவு நிலையை இடது கையால் பிடித்துக்கொண்டார். விரலை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது. அங்கே சன்னல் கிணற்றுப் பக்கம், மலை தெரியாது. முதல் நாள் முழுக்கச் சத்தம்தான். அது பசிச் சத்தமும் இல்லை, என்னைத் தேடுகிற சத்தமும் இல்லை. இது புதுசு. "கண்ணன் ஊரோடு வரத்தான் இம்புட்டும்" என்று காதில் சொன்னேன். அதற்கப்புறம் கஞ்சி குடித்தார்.

அந்த வெள்ளைக்காரச் சாவைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைச் சித்தியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

அக்கா
பாண்டீஸ்வரி


இங்கிலாந்து
22.11.1998

அன்பு அக்காவுக்குத் தம்பியின் வணக்கம்.

இங்கே சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. மற்றபடி நலம். உன் முழங்கால் வலி எப்படி?

தீபாவளிக்கு முன்னால் வந்துபோனவர்கள் உன் சமையலை வாயாரப் புகழ்ந்தார்கள். மலை, தாமரைக்குளம், அய்யனார் கோயில் எல்லாம் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு குறை. விடியற்காலையில் கிணற்றுப் பக்கமிருந்து ஒரு விலங்கு வலியில் கத்துவதுபோல் கேட்டதாம், அதைக் கவனிக்க ஆளில்லையா என்று ஐலீன் அம்மாவிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள். அவர் என்னைக் கேட்டார். பக்கத்துத் தோட்டத்து மாடு என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

தை மாதம் டோரத்தி, பீட்டர் என்று ஒரு தம்பதி வருகிறார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார்கள். ஐலீன் அம்மாவுக்கு நெருங்கிய சிநேகிதர்கள். அவர்கள் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்துவிட்டால், இனி வருஷாவருஷம் குளிர்காலம் முழுக்க ஆள் அனுப்புவதாக ஐலீன் அம்மா சொல்லிவிட்டார். அப்புறம் எனக்கு இங்கே என்ன வேலை? சித்திரையில் வந்து இறங்கிவிடுவேன். அப்பாவை நானே தூக்கி மலை தெரிகிற இடத்தில் உட்கார வைப்பேன்.

அந்த ஒரு வாரம் மட்டும் ஒரு பொட்டுச் சத்தமும் வேண்டாம் அக்கா. என்ன ஆனாலும் சரி. இதை உன் காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்.

ஐலீன் அம்மா கையால் பின்னிய நீலக் கம்பளிக் குல்லா ஒன்றை ஹரிஷ்குமார் வழியாக அனுப்பியிருக்கிறேன். அப்பாவுக்குப் போட்டுவிடு.

கருத்தக்கண்ணன்


தோட்டத்து வீடு
18.12.1998

என் தம்பிக்கு,

நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, அது என்னை விட்டுப் போகாது.

குல்லா வந்தது. போட்டுவிட்டேன். இந்த வெயிலுக்குக் கம்பளிக் குல்லாவா என்று கழற்றப் போனால் இடது கையால் பிடித்துக்கொள்கிறார். குளிப்பாட்டும்போதுகூடக் கழற்ற விடவில்லை. நீ கொடுத்தது என்று தெரிந்திருக்கிறது.

விலங்கு என்றார்களா? அதை நீ எனக்கு எழுதாமல் இருந்திருக்கலாம்.

அப்பாவின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தால் சத்தம் போடமாட்டார். ஆனால் சமைக்கவும் பரிமாறவும் நான் எழுந்து போகத்தானே வேண்டும்? நகரத்துக்குப் போய் ஒரு மருந்துக்கடையில் சொன்னேன். தூங்குவதற்கு மாத்திரை கொடுத்தார்கள். ஒன்று கொடுத்துப் பார்த்தேன். பொழுதுக்கும் தூங்கினார். கஞ்சிக்கு எழுப்பினேன், எழவில்லை. மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரலை வைத்துப் பார்த்தேன். எனக்கு இது பிடிக்கவில்லை. தை மாதம் அந்த வாரம் மட்டும் கொடுக்கிறேன். நீ வந்து சேர்ந்துவிட்டால் அந்த மாத்திரையைக் கிணற்றில் போட்டுவிடலாம்.

சித்திரை என்றால் சித்திரைதானே? அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பேச்சு மாறாதே.

அக்கா


தோட்டத்து வீடு
8.2.1999

தம்பிக்கு,

நான் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும்.

டோரத்தி அம்மாவும் அவர் வீட்டுக்காரரும் வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனார்கள். நல்லவர்கள். ஐயாவுக்கு நடுவில் ஒரு நாள் வயிறு சரியில்லை, மோர்ச்சோறு கொடுத்தேன். சரியாகிவிட்டது. அந்த அம்மா போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். இவ்வளவு அமைதியான இடத்தை எங்கேயும் பார்த்ததில்லை என்று சொன்னதாக ஹரிஷ்குமார் சொன்னார். இங்கிருந்து வடக்கே போய் இன்னும் நாலைந்து ஊர் பார்த்துவிட்டு ஊர் திரும்புவார்களாம்.

நீ கேட்டபடியே சத்தம் இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

வேறு எழுத ஒன்றும் இல்லை.

பாண்டீஸ்வரி


இங்கிலாந்து
27.2.1999

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன்.

டோரத்தி அம்மா வடக்கே எங்கிருந்தோ ஐலீன் அம்மாவுக்குப் போன் பண்ணி, அந்த வீட்டுக்கு இணை இல்லை என்று சொல்லிவிட்டாராம். வருகிற குளிர்காலத்துக்கு இப்போதே ஆட்கள் பெயர் கொடுக்கிறார்கள். ஜெயித்துவிட்டோம் அக்கா! எல்லாம் உன்னால்தான். ஏப்ரல் கடைசிக்கு டிக்கெட் எடுக்கப் போகிறேன்.

உனக்கு என்மேல் ஏதாவது கோபமா? நாலு வரியில் முடித்துவிட்டாய். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டாயா? அப்பாவைப் பழையபடி வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாயா? குல்லாவை இன்னும் கழற்ற மறுக்கிறாரா? அவருக்கு ஒரு சால்வை வாங்கி வைத்திருக்கிறேன். என்ன நிறம் பிடிக்கும் என்று தெரியாமல் பழுப்பு நிறத்தில் எடுத்தேன்.

உடனே பதில் எழுது. விரிவாக எழுது. நீ யாரையும் கிண்டல் பண்ணாமல் எழுதிய கடிதம் இது ஒன்றுதான்.

கருத்தக்கண்ணன்


இங்கிலாந்து
11.4.1999

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே பயமாக இருக்கிறது. இடையில் எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை. ஊர் பூத்துக்குப் போன் பண்ணினேன். உன்னைக் கூப்பிடச் சொன்னதற்கு, நீ வரமாட்டேன் என்று சொன்னதாகச் சொன்னார்கள்.

நேற்று டோரத்தி அம்மா ஐலீன் அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். எனக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்து, எதிரே உட்கார வைத்து, நம் வீட்டைப் பற்றிப் பேசினார். பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். அவர் வீட்டுக்காரர் வயிற்றுவலியோடு படுத்திருந்த நாளில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு பூத்தேர் போனதாம். கோயில் சாமி போகிறது என்றாராம் ஹரிஷ்குமார். ஆனால் சுவருக்குப் பக்கத்தில் வந்தபோது, தேரில் சாய்த்து வைத்திருந்தது ஒரு பெரியவரின் உடம்பு என்று தெரிந்துவிட்டதாம். இவர்கள் எழுந்து நின்றிருக்கிறார்கள்.

"ஒரு சத்தமும் இல்லை கண்ணன்," என்றார் அந்த அம்மா. "உங்கள் ஊரில் வாய்விட்டு அழுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவருக்கு யாருமே அழவில்லை. பெண்கள் புடவை முனையை வாயில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்து போனார்கள். பாவம், அந்தக் கிழவருக்கு அழ ஆளில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டோம்."

அப்புறம் சொன்னார், தலையில் நீலக் கம்பளிக் குல்லா இருந்ததாம். அந்த வெயிலில் யார் போட்டுவிட்டார்கள் என்று இரண்டு பேரும் யோசித்தார்களாம். ஐலீன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் பின்னிய குல்லா அது.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். புல்வெளியில் நின்றேன். அப்பா என்று கத்த வாயைத் திறந்தேன். பக்கத்து வீட்டு அம்மா தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன் அக்கா. சத்தம் வரவில்லை.

என்ன நடந்தது என்று எழுது. நீ என்னைத் திட்டினாலும் சரி.

கருத்தக்கண்ணன்


தோட்டத்து வீடு
2.5.1999

தம்பிக்கு,

இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுகு. சாவுச் சேதி வந்த கடிதத்தை வீட்டுக்குள் வைக்கக்கூடாது. கேதத்தை ஆள் வந்து சொல்லவேண்டும். உனக்கு யாரை அனுப்புவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் சும்மா இருந்தேன். கடைசியில் டோரத்தி அம்மா வந்து சொல்லியிருக்கிறார்.

அவர்கள் வந்த மூன்றாம் நாள். முந்தின நாள் சாயங்காலம் மாத்திரை கொடுத்திருந்தேன். காலையில் அவர்களுக்குப் பலகாரம் வைத்துவிட்டுக் கஞ்சியோடு போனேன். அப்பா குல்லாவோடு சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தார். தொட்டதும் தெரிந்துவிட்டது. எனக்குச் சத்தம் தொண்டைவரை வந்தது. வாயில் கையை வைத்து அடைத்தேன், பல் பட்டு விரலில் ரத்தம் வந்தது. மாத்திரையால் போனாரா, போகிற வேளை வந்து போனாரா என்று நல்லகாமன் கேட்டான். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு பேரும் அதோடு இருந்துகொள்வோம்.

ஹரிஷ்குமார் அழுதுவிட்டார். "சொல்லிரட்டுமா அக்கா? அவங்க நல்லவங்க, புரிஞ்சுக்குவாங்க" என்றார். நான்தான் கூடாது என்றேன். என்ன ஆனாலும் சரி என்று நீ எழுதியிருந்தாய். வெள்ளைக்காரர் வீட்டில் பெற்ற மகளே மூச்சுவிடாமல் நடந்து போனாள் என்றும் நீதான் எழுதியிருந்தாய். அவர்களுக்கு அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். விலங்கு கத்துகிறது என்று இன்னொரு தடவை அப்பாவைச் சொல்லிவிடக் கூடாது என்றும் நினைத்தேன். நீ சித்திரையில் வந்து சேரவேண்டும் என்று நினைத்தேன். எதை முதலில் நினைத்தேன் என்று இப்போது தெரியவில்லை.

எழவு விழுந்த வீட்டில் அடுப்புப் பற்றவைப்பதில்லை. நான் பற்றவைத்தேன். அப்பா மோட்டார் ரூமில் கிடந்தார், நான் அவர்களுக்கு மோர்ச்சோறு பிசைந்து கொடுத்தேன். அவர்கள் மலை பார்க்கக் கிளம்பிப் போனதும் எடுத்துவிடலாம் என்று இருந்தேன். ஐயாவுக்கு வயிற்றுவலி, போகவில்லை. சுடுகாட்டுக்கு அந்தச் சுவரை ஒட்டித்தான் பாதை.

உறவுக்குக் கேதம் சொல்லவில்லை. கொட்டுக்காரர்களைக் கூப்பிடவில்லை. தெருப் பெண்டுகள் மட்டும் எப்படியோ தெரிந்து வந்துவிட்டார்கள். திருப்பத்தில் நின்று கும்பிட்டேன். "வாயத் தொறக்காதீக ஆத்தா" என்றேன். சீனியம்மாள் சித்தி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "சாவுல வாயத் தொறக்காதன்னு சொல்ற மகள இன்னைக்குத்தேன் பாக்குறேன்" என்றாள். "எந் தம்பி ஊர் வந்து சேரணும்" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக எல்லோரும் சேலையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். நல்லகாமன்தான் உன் இடத்தில் நின்று மண் தள்ளினான். குல்லாவைக் கழற்ற எனக்கு மனசு வரவில்லை. அதோடேயே புதைத்தோம்.

அழ ஆளில்லை என்று அந்த அம்மா நினைத்தாரா? நினைக்கட்டும். வேறு எப்படி நினைப்பார்?

பங்குனியில் சோணையம்மாள் வீட்டில் எழவு. வழக்கம்போல் போனேன். உட்கார்ந்து வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. சித்தி என் தோளைப் பிடித்து எழுப்பி, "அப்பனுக்கு அழுகாதவ எங்களுக்கு எடுத்துக் குடுக்க வேணாம், எந்திரி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. அதற்கப்புறம் எந்த வீட்டுக்கும் என்னைக் கூப்பிடுவதில்லை. செல்லூர் மாமா கேதம் சொல்லாத வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கருப்பு மட்டும் மேலூரிலிருந்து கயிற்றை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது. எப்படி வழி கண்டுபிடித்ததோ. மோட்டார் ரூம் வாசலில் படுத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் ஊளையிடுகிறது. விரட்டவில்லை. கேட்டுக்கொண்டு கிடக்கிறேன்.

வீட்டை மூடிவிடு என்று எழுதுவாய். மூடமாட்டேன். ஐலீன் அம்மாவை ஆள் அனுப்பச் சொல். சமைத்துப் போடுகிறேன். நீ சித்திரைக்கு வரவேண்டாம். சித்திரை முடியப்போகிறது. அப்பாவைக் காட்ட என்னிடம் அப்பா இல்லை.

தையில் தலைத்திவசம் வரும், அப்போது வா. மதுரையில் இறங்கி நேரே வா. நம் ஆட்கள் எழவுக்கு எப்படி வருவார்கள் என்று உனக்குத் தெரியும். தெருமுனையிலேயே "அப்பா" என்று கத்திக்கொண்டு மாரில் அடித்துக்கொண்டுதான் வரவேண்டும். உன் சத்தம் கேட்டால் நான் ஓடிவருவேன். உன் கழுத்தைக் கட்டிக்கொண்டால் எனக்குத் தொண்டை திறக்கும் என்று நினைக்கிறேன். திறக்காவிட்டால் நீ ஒருவனாவது அழு.

வீடு காலியாக இருக்கும்போது வந்துவிடாதே. விருந்தாளிகள் இருக்கும் வாரமாகப் பார்த்து வா.

இப்படிக்கு
வெள்ளைத்துரை மகள்
பாண்டீஸ்வரி